கோழித் தூக்கமும் தூளியும்: கைக்குழந்தையின் பகல் தூக்கம் எப்படி நீள்கிறது

20 நிமிடம் தூளியை ஆட்டினால்தான் தூக்கம் வருகிறது. தூங்கிய 35ஆவது நிமிடம் கண் திறந்துவிடுகிறது. உலை கொதிப்பதற்குள் பிள்ளை எழுந்துவிட்டது என்பது கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. பால் பத்தவில்லை, வயிற்றில் வாயு, கண் பட்டிருக்கும், குக்கர் விசில் எழுப்பிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சில நாள் அவற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கும். ஆனால் தினமும் ஏறக்குறைய அதே நிமிடத்தில் விழிக்கிற குழந்தையை எழுப்புவது விசில் அல்ல. அதன் தூக்கமே அந்த இடத்தில் மேலோட்டமாகிறது; அங்கிருந்து திரும்ப ஆழத்துக்குப் போகக் குழந்தைக்குத் தெரியவில்லை.

அதனால் விழித்த பிறகு நாம் செய்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. என்ன வயது, எத்தனை மணிக்குப் படுக்க வைத்தோம், எந்த நிலையில் தூங்கிப்போனது என்ற மூன்றிலும் பெரும்பாலானது முன்பே முடிவாகிவிடுகிறது.

நரி விரட்டும் நேரம்

தூக்கம் ஒரே ஆழத்தில் ஓடுவதில்லை என்பது தெரியவந்த கதையே குழந்தைகளிடமிருந்து தொடங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மனின் மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தூங்கும் குழந்தைகளின் இமை அசைவை மணிக்கணக்கில் கவனித்தார். கண்கள் வேகமாக உருளும் தூக்கத்தைப் பற்றி 1953இல் இருவரும் எழுதினார்கள். கைக்குழந்தைகளின் தூக்கத்தில் அசைவும் அமைதியும் ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி வருவதை 1955இல் தனியாகவே பதிவுசெய்தார்கள். பெரியவர்களுக்கு இந்தச் சுற்று சுமார் 90 நிமிடம்.

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதி, அசைவு மிகுந்த இந்த வகைதான். கை கால் துள்ளும், உதடு சப்புக்கொட்டும், முகம் சுருங்கி அழப்போவது போல் ஆகி அப்படியே சிரிப்பாக மாறும். நம் வீடுகளில் இதற்கு ‘நரி விரட்டுது’ என்று பெயர். முனகல்கூட வரும். பார்ப்பதற்கு விழித்துவிட்டது போலவே இருக்கும், ஆனால் தூக்கம் கலைந்திருக்காது. பாசத்தில் பாய்ந்து தூக்கிவிடுவதுதான் பல வீடுகளில் தூக்கத்தைக் கலைக்கும் முதல் காரணம். தூங்கிய குழந்தை 10ஆவது நிமிடத்தில் எழுந்துவிட்டது என்று சொல்லப்படும் நேரங்களில் ஒரு பகுதி, நாமே எழுப்பியது.

பகலில் 30 முதல் 50 நிமிடத்துக்குள் வரும் விழிப்பு, ஆழம் குறைந்து அடுத்த சுற்றுக்கு மாறும் இடத்தில் நிகழ்வது. இரவிலும் இதே மாற்றம் பல முறை வருகிறது. இரவில் தூக்கத்தின் அழுத்தம் அதிகம், உடலின் நாள்கடிகாரமும் துணை நிற்கும், வெளிச்சம் இல்லை. அதனால் பல மாற்றங்கள் யாருக்கும் தெரியாமலே கடந்துபோகின்றன. பகலில் இந்த மூன்றில் எதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. விழித்திருக்கும்போது ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம், நாள்கடிகாரம் என்ற இரண்டு விசைகளும் சேர்ந்தே தூக்கத்தை நடத்துகின்றன என்ற விளக்கத்தை 1982இல் சூரிச்சில் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். கைக்குழந்தைக்கு அழுத்தம் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். ஒரு சுற்று தூங்கினாலே பாதி பாரம் இறங்கிவிடுகிறது. 4 மாதக் குழந்தையின் கோழித் தூக்கம் கோளாறு அல்ல என்று சொல்வது இதனால்தான்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்

4 மாதம் முடியும்வரை பழக்கப்படுத்தும் முயற்சியே வேண்டாம். பசிக்குப் பால், தூக்கத்துக்கு மடி, அவ்வளவுதான். முதல் 6 முதல் 8 வாரம் இரவு பகல் குழப்பம் இருக்கும். அந்தக் காலத்தில் பகல் தூக்கத்தை வெளிச்சத்திலும் வீட்டுச் சத்தத்திலும் விட்டுவிடுவது நல்லது. 4 முதல் 5 மாதத்தில், படுக்கையில் தானாகத் தூங்கிப்போவதை நாளுக்கு ஒருமுறை முயன்று பார்க்கலாம். நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 5 மாதத்துக்குப் பிறகு, பெரும்பாலும் 6 மாதத்தை ஒட்டி, பகல் தூக்கத்தில் ஒன்றிரண்டு தானாகவே ஒரு மணி நேரத்தைத் தாண்டத் தொடங்கும். முதலில் நீளுவது பெரும்பாலும் காலைத் தூக்கம், பிறகு மதியத் தூக்கம். மாலையில் வருவது குட்டித் தூக்கமாகவே இருந்து, 7 முதல் 9 மாதத்துக்குள் நின்றுபோகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் பிறக்கவேண்டிய தேதியிலிருந்து எண்ணவேண்டும்.

இந்தியாவில் 2017 சட்டத் திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, மகப்பேறு விடுப்பு 26 வாரம். பகல் தூக்கம் நீளத் தொடங்கும் வயதும் அம்மா வேலைக்குத் திரும்பும் வாரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. பகலில் பார்த்துக்கொள்ளும் ஆள் மாறும் அதே வாரத்தில் தூங்கும் முறையையும் மாற்றினால் இரண்டும் கெடும். ஒன்று, விடுப்பு முடிய 3 வாரம் இருக்கும்போதே தொடங்கவேண்டும். இல்லையென்றால் புதிய ஆளுக்குக் குழந்தை பழகி 2 வாரம் போகட்டும்.

4 முதல் 11 மாதக் குழந்தைக்கு 24 மணி நேரத்தில், பகலும் சேர்த்து, 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். இடைவெளி எவ்வளவு பெரியது பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை 2 மணி நேரம் தூங்குவதும் நம் வீட்டுக் குழந்தை 50 நிமிடம் தூங்கிச் சிரித்துக்கொண்டே எழுவதும் இரண்டுமே சரியாக இருக்கலாம். எழும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அழுதபடி எழுந்து, 15 நிமிடத்தில் கண்ணைக் கசக்கினால் தூக்கம் போதவில்லை. காலை உதைத்து விளையாடினால் போதும்.

விழித்திருக்கும் நேரம்

4 மாதத்தில் ஒன்றரை முதல் 2 மணி நேரம், 5 முதல் 6 மாதத்தில் 2 முதல் இரண்டரை மணி, 7 முதல் 9 மாதத்தில் இரண்டரை முதல் 3 மணி நேரம் விழித்திருந்தபின் அடுத்த தூக்கம் என்பது பொதுவான கணக்கு. இவை குழந்தை வளர்ப்பு அனுபவத்தில் திரண்ட எண்கள். பால்புட்டியில் அளவுக்கோடு போட்டது போல் பிடித்துக்கொள்ள வேண்டாம். காலையில் முதல் இடைவெளி குறைவாகவும் மாலையில் கடைசி இடைவெளி கூடுதலாகவும் இருக்கும்.

தொடங்குமுன் 5 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எழுந்த நேரம், படுக்க வைத்த நேரம், எப்படித் தூங்கியது (பால் குடித்தபடியா, தூளியா, தோளா), எத்தனை நிமிடம், எழும்போது அழுகையா சிரிப்பா. பலருக்குப் பிரச்சினை இந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். தூங்குவதற்கே 25 நிமிடம் எடுத்து, தூங்கிச் சிரித்துக்கொண்டு எழுந்தால் சீக்கிரம் படுக்க வைக்கிறீர்கள். 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். படுத்ததும் சட்டென்று தூங்கி, 20 முதல் 30 நிமிடத்தில் வீறிட்டு எழுந்தால் களைத்துப்போனபின் படுக்க வைக்கிறீர்கள். 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். ஒரு மாற்றத்துக்கு 3 நாள் கொடுக்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. நேரத்தைச் சரிசெய்ததிலேயே பாதிக் குழந்தைகளின் தூக்கம் நீண்டுவிடும் என்று சொல்லிவிட ஆசைதான். அப்படி எண்ணிக்கை சொல்ல முடியாது. ஆனால் செலவும் அழுகையும் இல்லாத முதல் படி இதுவே.

பேருந்து நின்றதும் விழிப்பது

ஓடும் பேருந்தில் அயர்ந்து தூங்கும் ஆள், வண்டி மோட்டலில் நின்றதும் விழித்துக்கொள்கிறார். யாரும் எழுப்பவில்லை, சத்தமும் கூடவில்லை; குறைந்துதான் இருக்கிறது. ஆட்டம் நின்றதே விழிப்புக்குக் காரணம். தூளியில் தூங்கும் குழந்தைக்கும் இதேதான். ஆட்டத்தில் கண் மூடியது; 35ஆவது நிமிடம் தூக்கம் லேசாகும்போது ஆட்டம் இல்லை. மார்பில் தூங்கிப்போய்ப் பாயில் விழிக்கும் குழந்தைக்கும் அதே திகைப்பு.

இதனால் தூளி தவறு என்று ஆகிவிடாது. 2011இல் சுவிட்சர்லாந்தில் 12 பெரியவர்களை மெதுவாக ஆடும் கட்டிலில் 45 நிமிடம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அசையாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழமாகவும் தூங்கினார்கள். அந்தக் கட்டில் 4 விநாடிக்கு ஒருமுறை ஆடியது. அரைத்தூக்கத்தில் பாட்டி ஆட்டும் வேகம்! தூளியில் கவனிக்க வேண்டியவை வேறு. துணி உடலைச் சுற்றிக் குவிவதால் சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுப்பாதை மடங்கலாம். குறுக்குக் கட்டை போட்டு வாயை விரித்து, முகம் வெளியே தெரியும்படி, ஆள் பார்வையில் இருந்தால் மட்டுமே தூளி. எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் சளியில் மூச்சுத் திணறும் குழந்தைக்கும் தூளி வேண்டாம். குப்புற விழத் தொடங்கியதும் நிறுத்திவிடவேண்டும். அதன்பின் தொங்கும் சேலையை அவிழ்த்தும் வைத்துவிடுங்கள், மூத்த பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய விபத்துகள் உண்டு. பெரும்பாலான குழந்தைகள் 4 முதல் 6 மாதத்தில் குப்புற விழுவதால், தூளியிலிருந்து இறங்கும் வயதும் இதுவே என்று வைத்துக்கொள்ளலாம்.

இறங்கும் இடம் சமமான, அழுத்தினால் குழியாத படுக்கை: பாயின் மேல் மடிப்பில்லாத பருத்தி விரிப்பு, அல்லது கெட்டி மெத்தை போட்ட தொட்டில். மல்லாக்கத்தான் படுக்க வைக்கவேண்டும். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, உருளாமலிருக்க இரு பக்கமும் வைக்கும் திண்டு, தளர்ந்த போர்வை எதுவும் கூடாது. தலை தட்டையாகிவிடும் என்ற பயத்துக்கு, விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வைத்து விளையாட்டுக் காட்டுவதே மருந்து. குப்புற விழ முயலும் குழந்தைக்குத் துணி சுற்றிக் கட்டுவதையும் நிறுத்தவேண்டும்.

அறையும் சடங்கும்

6 மாதக் குழந்தைக்குச் சன்னலில் தெரியும் இலையசைவே பெரிய வேடிக்கை. அடர்ந்த திரையோ மடித்த போர்வையோ சன்னலில் கட்டி, கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு இருட்டாக்குங்கள். கோடையில் குல்லா, காலுறை, நைலான் சட்டை எதுவும் வேண்டாம். கழுத்துப் பின்புறம் தொட்டால் வியர்வை இல்லாமல் இளஞ்சூடாக இருக்கவேண்டும். மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் மிக்ஸிச் சத்தத்தையும் அழைப்பு மணியையும் ஓரளவு மூடும். போனில் மழைச் சத்தம் ஓடவிடுபவர்கள் தலைமாட்டில் வைக்கக்கூடாது. 2 மீட்டர் தள்ளி, இருவர் தாழ்ந்த குரலில் பேசுவது அதன் மேல் கேட்கும் அளவில், 50 டெசிபலுக்குள்.

தூங்கவைக்கும் முன் 5 முதல் 7 நிமிடம், தினமும் அதே வரிசை: துணி மாற்று, திரையை இழு, தூக்கிக்கொண்டு ஒரே தாலாட்டைப் பாடு, படுக்க வை. குரல் நன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை, பாட்டு மாறாமல் இருக்கவேண்டும். பால் இந்த வரிசையின் தொடக்கத்தில் இருக்கட்டும், முடிவில் வேண்டாம். பால் குடித்து முடித்ததற்கும் படுப்பதற்கும் நடுவே 10 நிமிடம் கிடைத்தாலே, உறிஞ்சுதலும் தூக்கமும் பிரியத் தொடங்கும். இரவுப் பாலை இதற்காக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்; அது வேறு விஷயம்.

இரண்டு வாரம்

நாளின் முதல் தூக்கத்தில் மட்டும் பழக்குங்கள். மற்றவை வழக்கம்போல் நடக்கட்டும். எல்லாத் தூக்கத்தையும் ஒரே நாளில் மாற்றினால் மாலைக்குள் குழந்தையும் களைத்து வீடும் களைத்துவிடும்.

முதல் 3 நாள், எப்போதும்போல் ஆட்டியே தூங்கவையுங்கள், ஆனால் வீச்சைக் குறைத்து, கடைசி 5 நிமிடம் அசைவு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி. 4 முதல் 6ஆம் நாள், கண் சொக்கி, முஷ்டி தளர்ந்ததும் ஆட்டுவதை நிறுத்தித் தூளியைக் கையால் பிடித்து நில்லுங்கள். சிணுங்கினால் ஒரு நிமிடம் ஆட்டி, மறுபடி நிறுத்தம். ஒரே தூக்கத்துக்குள் 5 அல்லது 6 முறைகூட ஆகலாம். எல்லாரும் அவசரப்படும் இடம் இது. நிற்கும் தூளியில் கண் மூடப் பழகுவதுதான் முழு முயற்சியின் நடுத்தூண். இது கைகூடாமல் பாய்க்கு மாற்றினால் அழுகைதான் மிஞ்சும். 7 முதல் 10ஆம் நாள், தாலாட்டு முடிந்து அரைக்கண்ணில் இருக்கும்போது பாயில் மல்லாக்கக் கிடத்தி, ஒரு கை நெஞ்சில், மறுகையால் தொடையில் நாடித்துடிப்பின் வேகத்தில் தட்டுங்கள். 11ஆம் நாள் முதல் தட்டலை மெதுவாக்கி, பிறகு கையை மட்டும் வைத்து, பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அழுதால் தூக்குங்கள். அமைதியானதும், தூங்குவதற்கு முன், திரும்பக் கிடத்துங்கள். ஒரு முயற்சிக்கு 20 நிமிடம்தான் எல்லை. அதற்குள் தூங்கவில்லை என்றால் பழைய முறையில் தூங்கவைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். தூங்காமல் விடுவதைவிட, இன்னும் குப்புற விழாத குழந்தை தூளியில் தூங்குவது மேல்.

முழுதும் அயர்ந்த குழந்தையைக் கிடத்தவேண்டிய நேரங்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில் குமி குரோடா குழுவினர் 2022இல் 21 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் நடப்பதும், தூங்கியபின் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதும் பலன் தந்தன. முதுகு படுக்கையைத் தொடும்போது விழிக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். தாயின் உடலிலிருந்து பிரியத் தொடங்கும் நொடியிலேயே இதயத்துடிப்பு மாறியதை அவர்கள் பதிவுசெய்தார்கள். எனவே உங்கள் நெஞ்சும் சேர்ந்து குனியட்டும்; பாயைத் தொட்டபின்னும் ஒரு நிமிடம் கை அப்படியே இருக்கட்டும்.

35ஆவது நிமிடம்

முனகல் கேட்டதும் கதவைத் திறக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். 2 முதல் 3 நிமிடம். சிணுங்கி, நின்று, மறுபடி சிணுங்கினால் குழந்தை தானே முயல்கிறது. அழுகை ஏறிக்கொண்டே போனால் உடனே போகலாம். திரையை விலக்காமல், பேசாமல், தூங்கவைத்த அதே தட்டல். 10 நிமிடம் முயன்றும் கண் மூடாவிட்டால் முகமலர்ச்சியோடு தூக்கி வெளியே வந்துவிடுங்கள். அடுத்த இடைவெளியை 15 முதல் 20 நிமிடம் குறைத்தால் நாள் தப்பிக்கும்.

நோட்டில் விழிப்பு நேரம் கடிகாரம்போல் ஒன்றாக இருந்தால் முந்திக்கொள்ளலாம். 35இல் எழும் குழந்தையின் அருகில் 30ஆவது நிமிடமே போய் உட்கார்ந்து, முதல் நெளிவு தெரிந்ததும் நெஞ்சில் கை வைத்து மெல்லத் தட்டுங்கள். 4, 5 நாள் இப்படிச் சுற்றைத் தாண்டவைத்தால் சில குழந்தைகள் ஆறாவது நாள் தாமே தாண்டும். சில குழந்தைகள் கை பட்டதுமே விழிக்கும். அவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

அழவிட்டுப் பழக்கும் முறைகளைப் பற்றிய பயம் நியாயமானதே என்றாலும், கிடைத்திருக்கும் சான்று அவ்வளவு கடுமையாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 6 முதல் 16 மாதக் குழந்தைகள் 43 பேரை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இடைவெளிவிட்டுக் கவனிக்கும் முறையால் மன அழுத்தம் கூடியதாகவோ தாய்ப்பிணைப்பு குறைந்ததாகவோ தெரியவில்லை. அதே நாட்டில் 2012இல் வெளியான, 5 ஆண்டுப் பின்தொடர்தல் ஆய்வும் நீடித்த தீங்கைக் காணவில்லை. நீடித்த நன்மையையும் காணவில்லை. இரண்டும் இரவுத் தூக்கத்துக்கானவை. பகலில் தூக்க அழுத்தம் குறைவு என்பதால் அழவிட்டால் குழந்தை தூங்கிப்போவதைவிட முழுதாக விழித்துக்கொள்வதே அதிகம். ஆகவே பகலுக்கு மெதுவான முறையே பொருத்தம் என்பது எங்கள் முடிவு.

வேறு ஊர் அட்டவணை

இணையத்தில் கிடைக்கும் தூக்க அட்டவணைகள் இரவு 7 மணிக்கு உறங்கும் வீடுகளுக்கானவை. 2010இல் வெளியான 17 நாடுகளின் ஒப்பீட்டில் குழந்தைகள் இரவு உறங்கும் சராசரி நேரம் நியூசிலாந்தில் 7.27, ஹாங்காங்கில் 10.17. நம் வீடுகள் இரண்டாவதற்கு அருகில். 9.30க்கு உறங்கி 7.30க்கு எழும் குழந்தைக்கு 9 மணிக்குப் பகல் தூக்கம் என்று எழுதிய தாளைப் பார்த்துப் படுக்க வைத்தால் எப்படித் தூங்கும்? தாளை விட்டுவிட்டு, எழுந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் தூங்கக்கூடாது என்ற வழக்கம் இங்கே தற்செயலாக உதவுகிறது: 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் கடைசிக் குட்டித் தூக்கம் 5.30க்குள் முடிந்தால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகாது.

தூக்கத்துக்காக வயிற்றை நிரப்புவதில் பயன் குறைவு. 1989இல் அமெரிக்காவில் அரிசிக் கஞ்சி கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில் இரவுத் தூக்கத்தில் வேறுபாடு வரவில்லை. 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் சீக்கிரமே திட உணவு தொடங்கிய குழந்தைகள் 6 மாத வயதில் இரவில் சராசரியாகச் சுமார் 17 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். அந்த 17 நிமிடத்துக்காக 6 மாதத்துக்கு முன் கேழ்வரகுக் கூழ் ஊட்டவேண்டியதில்லை. வசம்பு உரசிக் கொடுப்பது, சளி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுப்பது இரண்டும் ஆபத்து. எண்ணெய்க் குளியலுக்குப் பின் வரும் நீண்ட தூக்கத்துக்கு வெந்நீரும் கைத்தேய்ப்பும் போதும். சாம்பிராணிப் புகை நுரையீரலுக்குக் கெடுதல்.

காய்ச்சல், பயணம், தடுப்பூசி போட்ட நாட்கள், வீட்டில் விசேஷம் என்றால் பழக்கத்தை நிறுத்திவைத்துப் பின்பு விட்ட இடத்துக்கு ஒரு படி முன்னிருந்து தொடங்கவேண்டும். தூக்கத்தில் குறட்டை, மூச்சு நின்று நின்று வருதல், பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டுதல், எடை ஏறாமை இருந்தால் இது தூக்கப் பிரச்சினை அல்ல, மருத்துவரிடம் போகவேண்டும். 2 வாரம் முயன்றும் முன்னேற்றம் இல்லையென்றால் 3 வாரம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். அந்த வயதில் 3 வாரம் என்பது பெரிய வளர்ச்சி.

நீண்டுவிட்ட தூக்கம் 8 மாதத்தை ஒட்டித் திடீரென்று மீண்டும் 40 நிமிடமாகச் சுருங்கும். தவழவும் பிடித்து நிற்கவும் பழகும் குழந்தை படுக்கையிலேயே பயிற்சி எடுக்கும்; மூன்றாவது தூக்கத்தை உடல் உதறுவதும் அப்போதுதான். விழித்திருக்கும் நேரத்தை வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டி, 3 தூக்கத்தை 2 ஆக்குங்கள். இடைப்பட்ட நாட்களில் மாலை 5 மணிக்குத் தோளில் சாய்ந்து 20 நிமிடம் தூங்கினால் தூங்கட்டும்.